கைகூப்பிய போஸ்டரும் பதினோராம் இலக்கமும்

வத்தேகம,
12.12.2010
ஞாயிற்றுக்கிழமை

புசல்லாவையில் வாழும் என் அருமை மச்சான், தொழிற்சங்க மாவட்டத் தலைவர் உயர்திரு பழனியாண்டி அவர்களுக்கு,

வத்தேகமயிலிருந்து உங்கள் தங்கை ரத்தினம்மாவின் வீட்டுக்காரர் சின்னமுத்து மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. முதலில் ‘கைகூப்பி எழுதிக்கொள்வது’ என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இந்த மாதம் நான் கைகூப்பிய வரைக்கும் போதும்.

முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கையும் மகள் சந்திரிகாவும் நல்ல சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி, அக்காவுடைய சீனி வருத்தம், புதிதாக வாங்கிய பசுமாடு எல்லாம் எப்படி என்று அறிய ஆசைப்படுகிறேன். டெலிபோனில் கேட்டிருப்பேன். ஆனால் புதன்கிழமையிலிருந்து நான் எப்போது எடுத்தாலும் உங்கள் மகன் “அப்பா குளிக்கிறாரு” என்கிறான். புசல்லாவைக் குளிரில் ஒரு மனிதர் நாலு நாளாகக் குளித்துக்கொண்டிருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் மச்சான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். குளித்து முடிந்ததும் தயவுசெய்து வாசியுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் தேர்தலில் நிற்கவில்லை. எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எவரும் என்னைக் கேட்கவுமில்லை. இருபது வருஷமாகச் சங்கத்துக்கு உழைத்து, மூன்று தடவை நாமினேஷன் கேட்டும் கிடைக்காத உங்களுக்கு முன்னால், ரயில்வேயில் டிக்கெட் கிழித்து ரிட்டயர் ஆனவன் போய் நிற்பேனா? புதன்கிழமை நீங்கள் போன் எடுத்து, “வாழ்த்துக்கள் தலைவரே, என் மூஞ்சி மேலேயே ஒட்டிட்டீங்க, நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வைத்தபோது, எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உங்கள் சங்கத்து ஆண்டு விழா போஸ்டரில் உங்கள் மீசை வரைக்கும் தெரிகிறது. மீசைக்குக் கீழே என்னுடைய தலை தொடங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது என்று உங்கள் தங்கை சொல்கிறாள். ஆகவே அவமானம் எனக்குத்தானாம், உங்களுக்கு இல்லையாம். இந்தக் கோணத்திலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சந்திரிகா கேம்பஸில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ‘கடிதம் வராத வீடு’ என்று பெயர். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ஒரு மனுஷன், தன் வீட்டுக்கென்று ஒரு முகவரி இல்லாததால் வரவேண்டிய கடிதமெல்லாம் எங்கேயோ போய்க் கிடக்கிறது என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறான். அவ்வளவுதான் கதை, இருபது நிமிஷம். அந்த மனுஷனாக நடிக்க ஒரு கேம்பஸ் பையனுக்கு வெள்ளைத் தாடி ஒட்டியிருந்தார்கள். மழைக்காற்றில் தாடி ஒரு பக்கமாகத் தொங்குகிறது, இவர்கள் ஒட்டுகிறார்கள், அது மறுபக்கமாகத் தொங்குகிறது. நான் அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனவன், ஓரமாக நின்றேன். சந்திரிகா தாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பா, உங்களுக்கு எல்லாம் ஒரிஜினலா இருக்கே” என்றாள். அப்படித்தான் நான் நடிகனானேன். எனக்கு வசனம் இரண்டே இரண்டுதான், ஆனால் கந்தோர் மேசைக்கு முன்னால் கைகூப்பி நிற்கிற ஒரு கட்டம் இருக்கிறது, அதை எடுத்து முடிந்ததும் கெமராப் பிள்ளை கண்ணைத் துடைத்தான் மச்சான். தூசு விழுந்தது என்று அவன் சொன்னது மரியாதைக்கு.

இந்தப் படம் வருகிற சனிக்கிழமை கண்டியில் ஒரு மண்டபத்தில் மாணவர் படப் போட்டிக்குப் போகிறது. மொத்தம் பதினாலு படம். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள், பிடித்த படத்தின் இலக்கத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எங்களுக்கு விழுந்தது பதினோராம் இலக்கம். ஆட்களை மண்டபத்துக்குக் கூட்டிவர ஒரு போஸ்டர் வேண்டும், அதே படத்தைப் போட்டு அவர்களுடைய தமிழ்ச் சங்கத்துச் சஞ்சிகைக்கு ஒரு அட்டையும் வேண்டும் என்று பேச்சு வந்தது. சந்திரிகா மூன்று நாள் இருந்து கம்ப்யூட்டரில் ஒன்று செய்தாள். என்னவென்றால், ஒரு லயத்துக் கதவு. பூட்டியிருக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கிறது. கதவுக்கு முன்னால் நான் நிற்கிறேன், ஆனால் முதுகு மட்டும்தான். கீழே ஒரு மூலையில் எறும்பு அளவில் எழுத்து.

நான் அவளுடைய மனம் நோகாமல்தான் கேட்டேன், முதுகைப் பார்த்து யாரம்மா மண்டபத்துக்கு வருவார்கள் என்று. அவள் “அதுதான் அப்பா ஆர்ட்” என்றாள். மச்சான், உங்களிடம் மனசை விட்டுச் சொல்கிறேன். ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் நான் டிக்கெட் ஜன்னலுக்குள்ளேயே இருந்துவிட்டேன். அந்த ஜன்னல் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும், வெளியே நிற்கிறவனுக்கு என் விரலும் வாட்ச்சும்தான் தெரியும். இந்த டவுனில் பாதிப் பேருக்கு என் கையை அடையாளம் தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் மார்க்கெட்டில் ஒரு ஆள் என் வாட்ச்சைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னான். கடைசியில் ஒரே ஒரு போஸ்டர் வருகிறது, அதிலும் முதுகு என்றால் மனுஷனுக்கு ஆசை இருக்காதா?

ஆகவே, போஸ்டரையும் அட்டையையும் அச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தபோது, நான் கூடவே அந்தக் கைகூப்புகிற கட்டத்துப் படத்தையும் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு போனேன். சும்மா, ஒரு அபிப்பிராயம் கேட்கலாமே என்று. கண்டியில் அச்சகம் வைத்திருக்கிற பளீல் நாநாவை உங்களுக்குத் தெரியாது. தங்கமான மனுஷன். பிள்ளைகளின் காரியம் என்றதும் டீ சொல்லி, கதிரை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். சந்திரிகாவின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது வீடு வாடகைக்கு விடுற விளம்பரமா?” என்று கேட்டார். நான் சேர்ட் பையிலிருந்ததை எடுத்து வைத்தேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. “மொகம் இல்லாத போஸ்டர யாரு பார்க்கிற? இத எனக்கிட்ட விடுங்க, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம்” என்றார். நான் ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

பளீல் நாநா பதினெட்டு வருஷமாக வேறொன்றும் அடிப்பதில்லை மச்சான், தேர்தல் போஸ்டர்தான். அவருடைய கம்ப்யூட்டரில் எல்லாம் தயாராக இருக்கிறது, முகத்தை மட்டும் மாற்றினால் போதும். என் தலைக்குப் பின்னால் ஒரு சூரியன் உதிக்கிறது. மஞ்சள் கதிர்கள் நாலு பக்கமும் போகிறது. என்னை வெள்ளையாக்கியிருக்கிறார், தோட்டத்து மனுஷனின் கிழிந்த ஸ்வெட்டரை எடுத்துவிட்டு அரசியல்வாதிகள் போடுகிற வெள்ளை நேஷனல் சட்டை போட்டுவிட்டிருக்கிறார். படத்தில் நான் பேசுகிற வசனம், ‘எங்கள் வீட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும்’, அதைத் தலைக்கு மேலே சிவப்பில் பெரிதாகப் போட்டிருக்கிறார். நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வேட்பாளர் இலக்கம் மாதிரி 11. கீழே ‘உங்கள் வாக்கு பதினொன்றுக்கே’. படத்தின் பெயரும் சந்திரிகாவின் பெயரும் மண்டபமும் திகதியும் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சூரியனின் மஞ்சள் கதிருக்கு மேலே மஞ்சள் எழுத்தில் இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அதோடு விட்டாரா? நான் சின்னக் குரலில் “நாநா, ஒட்டுறதுக்கு ஆள்” என்று கேட்டபோது, அது தன்னுடைய அன்பளிப்பு என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பையன்களிடம் கொடுத்துவிட்டார். அவர்களும் அதே தொழில்காரர்கள்தான். ஒரு போஸ்டரைக் கையில் கொடுத்தால் அவர்கள் வெறும் சுவரைத் தேட மாட்டார்கள். இன்னொரு முகம் எங்கே இருக்கிறதோ அதன்மேல்தான் பசை பூசுவார்கள். அவர்களுக்கு அதுதான் பழக்கம். இந்த டிசம்பர் மாதத்தில் கண்டி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த முகம் உங்களுடையது மட்டும்தான் மச்சான். உங்கள் ஆண்டு விழா போஸ்டர் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் நான் போய்விட்டேன். தெல்தெனியப் பக்கம்கூட ஒன்று இருக்கிறதாம். நுவரெலியா பஸ்ஸின் பின்னால் ஒட்டியதுதான் புசல்லாவை வரைக்கும் வந்து உங்கள் வாசலில் ஹோர்ன் அடித்திருக்கிறது. சத்தியமாக நான் யாரையும் ஏவவில்லை. அந்தப் பையன்களுக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, என்மேல் பாசமும் இல்லை.

அதே வியாழக்கிழமை காலையில், கண்டிக்குப் புறப்படுவதற்கு முன்னம், பாண் வாங்கப் போனேன். பேக்கரி முதலாளி எழுந்து நின்று, மந்திரி ஐயாவைக் கூப்பிடுகிற மாதிரி, “மந்திரிதுமா” என்று கூப்பிட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. பின்னால் ஒரு நாய்தான் நின்றது. வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேர் லைட் எரியாத கம்பத்தைப் பற்றிச் சொன்னார்கள், ஒரு கிழவர் தன் பென்ஷன் விஷயமாக ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கூடவே நடந்து வந்தார். பக்கத்து வீட்டு கைரியா டீச்சர், உங்களுக்குத் தெரியும், மூன்று வருஷமாக எங்கள் லேனில் தண்ணீர் ஓடுகிற கான் அடைத்து அவருடைய வாசலில்தான் தண்ணீர் ஏறுகிறது. மழை பெய்தால் அவர் சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார். அவர் மகஜரே எழுதி, பதினேழு கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். நான் தேர்தலில் நிற்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். இன்னும் நாமினேஷனே கூப்பிடவில்லை, அதற்குள் எனக்கு எப்படி இலக்கம் கிடைக்கும் என்று நியாயமாகக் கேட்டேன். அதுதான் வினையாகப் போய்விட்டது. நாமினேஷனுக்கு முன்னமே நம்பர் எடுத்துவிட்டார் என்றால் இவருக்கு மேலிடத்தில் எவ்வளவு பெரிய ஆள் இருக்க வேண்டும் என்று டவுன் முழுக்கப் பேச்சு.

போதாக்குறைக்குச் சஞ்சிகை. அட்டைக்கும் பளீல் நாநா அதே படத்தைத்தான் போட்டிருக்கிறார், சூரியனோடு. பிள்ளைகள் ஐம்பது புத்தகத்தை நம்ம பேப்பர்க் கடையில் வைத்தார்கள். கடைக்காரர் அதை என்னுடைய தேர்தல் விஞ்ஞாபனம் என்று சொல்லி விநியோகித்துவிட்டார். உள்ளே இருப்பதெல்லாம் கேம்பஸ் பிள்ளைகளின் புதுக்கவிதை மச்சான். ஒரு பிள்ளை ‘என் மலை ஒருநாள் இறங்கி வந்து கதவைத் தட்டும்’ என்று எழுதியிருக்கிறாள். மேல் லேனில் இருக்கிற மூன்று பேர் அதை எடுத்துக்கொண்டு வந்து, மலையை வெட்டி ரோடு போடுவதாகச் சொல்லியிருக்கிறீர்களே, எங்கள் வீட்டு மதில் தப்புமா என்று கேட்கிறார்கள். தப்பும் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

இதையெல்லாம் நான் சிரித்துச் சிரித்து எழுதுகிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்திரிகா வியாழக்கிழமை கேம்பஸிலிருந்து வந்தாள். டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து வீடு வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், குசினிக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து உங்கள் தங்கை உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, “வெள்ளை நேஷனல் உங்களுக்கு நல்லா இருக்கு அப்பா” என்றாள். அவளுடைய கதவு, அவளுடைய மூன்று நாள் வேலை, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி அவளுடைய போஸ்டர் எதிலும் என் மூக்கு நுனிகூட வராது என்று சொன்னேன்.

பிறகுதான் நீங்கள் போன் எடுத்ததைச் சொன்னோம். பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான், அவள் கணக்குப் படிக்காமல் இந்தப் படம் எடுக்கிற பாடத்தைத்தான் படிப்பேன் என்று நின்றபோது, நான் உட்பட வீட்டிலே ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. நீங்கள்தான் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, சாப்பிடக்கூட இல்லாமல் என்னோடு சண்டை பிடித்தீர்கள். அதை அவள் மறக்கவில்லை. “மாமா வந்து முன் வரிசையில உட்காரணும். அவரு இல்லாம படத்தைப் போட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்ப்பா” என்றாள். முதல் பரிசு கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் பெட்டியில் விழுகிற துண்டைப் பொறுத்தது. நீங்கள் வருவது உங்கள் மனசைப் பொறுத்தது. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் மண்டபத்துக்கு வெளியே வைத்து என்னை ஏசிவிட்டு உள்ளே வாருங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அதோடு ஒரு உதவியும் வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் நாலு கொப்பி அடித்துக் கந்தோர்ச் சுவரில் ஒட்டுங்கள். சின்னமுத்து வேட்பாளர் இல்லை, இனியும் ஆக மாட்டான் என்பதை ஊர் உலகம் அறியட்டும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சீனி இல்லாமல் டீ குடிக்கச் சொல்லுங்கள், உங்கள் தங்கை சொன்னதாக. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாடு நிறையக் கறக்கட்டும், உங்கள் முழங்கால் மடங்கட்டும், குடும்பம் தழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
எந்தக் கட்சியையும் சேராத உங்கள் தங்கை புருஷன்,
வெ. சின்னமுத்து

பி.கு.: திங்கட்கிழமை காலை. உறையை ஒட்டிவிட்டுத் தபால் கந்தோருக்குப் புறப்பட்டு கேட்டைத் திறந்தால், வெளியே கால் வைக்க இடமில்லை. டிரக்டர் நிற்கிறது. ஆறேழு பேர் கானுக்குள் இறங்கி மண் அள்ளுகிறார்கள். கம்பத்தில் ஒருவன் ஏறி பல்ப் மாட்டுகிறான். எங்கள் வட்டாரத்து நகரசபை மெம்பர், மூன்று வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவர், சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே நிற்கிறார். என்னைக் கண்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. அடுத்த வாரம் ரோட்டுக்குத் தாரும் வருகிறதாம். நான் நேர்மையான மனுஷன் என்பது உங்களுக்குத் தெரியும், தம்பி நான் நிற்கவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கைரியா டீச்சர் பிளேன்டீத் தட்டோடு நடுவில் வந்துவிட்டார். மெம்பருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, என் காதுக்குள், “நீங்க இல்லண்டு சொல்ல வாணாம் அண்ணே. ஆமாண்டும் சொல்ல வாணாம். தார் போடுற வரைக்கும் சும்மா கும்பிட்டுக்கிட்டு நில்லுங்க, போதும்” என்றார். லேனே என்னைப் பார்க்கிறது மச்சான். நான் கும்பிட்டேன்.

ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். சனிக்கிழமை வரும்போது ஒரு பெரிய மாலை கொண்டுவந்து, மண்டப வாசலில் பத்துப் பேர் பார்க்க எனக்குப் போட்டுவிடுங்கள், மெம்பர் ஆள் விட்டுப் பார்க்கிறார். கூடவே உங்கள் படம் ஒன்று, கைகூப்பியபடி, பளீல் நாநா கேட்கிறார். உங்கள் ரோடும் பாலத்தடியில் உடைந்து கிடப்பதாக ரத்தினம்மா சொன்னாள். இலக்கம் எது வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள்.